கட்டைக்குள் இருக்கும் இளமரத்தைச் செதுக்கி எடுப்பது எப்படி?

இத்தாலியச் சிற்பி ஜூசெப்பே பெனோனே 1969 முதல் பெரிய உத்தரங்களைச் செதுக்கி, அவற்றுக்குள் புதைந்திருந்த இளமரத்தைக் கிளைகளோடு வெளியே கொண்டுவந்தார். மரம் ஆண்டுக்கு ஒன்றாக வெளிப்பக்கம் சேர்த்துக்கொண்டே போகும் வளையங்களில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டு கட்டை நெடுகப் போவதுதான் அவர் வழி. சின்னக் கட்டையில் நீங்களும் செய்யலாம்.

பட்டை உரிக்காத பைன் உருளை ஒன்று எடுங்கள், இரண்டடி நீளமும் அரையடி விட்டமும் போதும். தேக்கிலும் வளையம் தெரியும், ஆனால் முதல் வேலைக்குக் கடினம். தச்சர்கள் ஒதுக்கும் கணு நிறைந்த கட்டைதான் நமக்கு வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு கணுவும் ஒரு கிளை. நன்றாகக் காய்ந்திருக்கட்டும். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிய போக்கில் சுருங்குவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதனால் முழு உருளையில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு விழத்தான் செய்யும். அதைப் பசை வைத்து அடைக்காதீர்கள், அதுவும் அந்த மரத்தின் கதைதான்.

இப்போது எண்ண வேண்டும். இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணுங்கள். நடுவிலிருந்து எண்ணினால் தப்பாகிவிடும்: மரத்தின் மேல்பகுதி பிந்தி வளர்ந்தது, அங்கே வளையங்கள் குறைவு, ஆகவே நடுவிலிருந்து பத்தாவது வளையம் மேல் முனையில் ஓர் ஆண்டு, கீழ் முனையில் வேறோர் ஆண்டு. பட்டையிலிருந்து எண்ணினால் இரண்டு பக்கமும் ஒரே ஆண்டில் வந்து நிற்கும். எந்த வளையம் வரை செதுக்கப் போகிறீர்களோ, அதை இரு முனைகளிலும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள்.

கட்டையை இறுக்கமாகப் பிடிக்க வைத்துவிட்டு, மேல் பாதியை மட்டும் வளைந்த வாயுள்ள உளியாலும் கொட்டாப்புளியாலும் குடையத் தொடங்குங்கள். கீழ்ப் பாதி பட்டையோடு அப்படியே நிற்கட்டும், கிழமரமும் இளமரமும் ஒரே கட்டையில் தெரிவது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். வெளிர் நிறத்தில் மெத்தென்று இருப்பது பருவத் தொடக்கத்தில் வளர்ந்தது, கருத்து இறுகியிருப்பது பருவக் கடைசியில் வளர்ந்தது. வெளிரை வழித்து எடுத்துக் கருப்பில் நின்றுவிடுங்கள். செதுக்கிய பரப்பு முழுக்க ஒரே நிறமாக இருந்தால் சரியான வளையத்தில் இருக்கிறீர்கள், நீள்வட்டக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்தால் அந்த இடத்தில் ஆழமாகப் போய் அடுத்த வளையத்துக்குள் இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கணு வரும் இடத்தில் அவசரமே கூடாது. சுற்றியுள்ள மரத்தை எடுத்துவிட்டுக் கணுவை முளைபோல நிற்க விடுங்கள், அப்புறம் அதையும் அதன் சொந்த வளையங்களைப் பார்த்துச் சிறுகத்தியால் மெலிதாக்குங்கள். அங்கே நார்கள் சுழன்று ஓடும். உளி பிய்த்தால் உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள்.

உப்புத்தாளைக் குறைவாகப் பயன்படுத்துங்கள், உளித்தடம் இருந்தால்தான் அழகு. கடைசியில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசலாம். துடைத்த துணியைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.