ஓடுகிற பஸ்ஸைத் துரத்தாதீர்கள்: பிள்ளையைப் போட்டிக் கால்பந்தில் சேர்க்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் பாண்டி பஸ்ஸுக்காக நின்றிருக்கிறீர்களா? ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். அது தெரிந்தும், நகர ஆரம்பித்த பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. என் மகனின் கால்பந்து விஷயத்தில் நானும் அப்படித்தான் ஓடினேன்.

அவனுக்கு அப்போது எட்டு வயது. மஞ்சக்குப்பத்தில் தெருப் பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தவன். பாண்டியில் ஒரு பயிற்சி மையத்தில் செலக்‌ஷன் நடக்கிறது என்று நண்பர் சொன்னார், அழைத்துப் போனேன். எடுத்துவிட்டார்கள். "இந்த வருஷமே டீம்ல சேத்துடுங்க சார், அடுத்த வருஷம் இடம் இருக்குமான்னு சொல்ல முடியாது" என்றார் அங்கிருந்த மாஸ்டர். அவ்வளவுதான், பணம் கட்டிவிட்டேன். வாரத்துக்கு மூன்று நாள், போக வர 40 கிலோமீட்டருக்கு மேல், அரியாங்குப்பம் நெரிசல் தனி. ஐந்தாவது மாதத்தில் சனிக்கிழமை ராத்திரியானால் அவனுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. ஓமத் தண்ணீர், பெருங்காயம் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இல்லாத வாரங்களில் வலியும் வரவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு மைதான ஓரங்களில் நின்று நிறையப் பெற்றோரைப் பார்த்துவிட்டேன். தவறுகள் ஏறக்குறைய ஒன்றேதான்.

வயதை மட்டும் கேட்பது

"எத்தனை வயசுல சார் சேக்கலாம்?" எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்கும்போதே, தாமதமாகிவிட்டதோ என்ற பயம் குரலில் இருக்கும். நம் ஊரில் படிக்கட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தால் அந்தப் பயம் பாதி குறையும். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் இளையோர் லீக் 13 வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்துதான் தொடங்குகிறது. பள்ளி அணிகளுக்காக 1960 முதல் நடக்கும் சுப்ரதோ கோப்பையின் பெரிய பிரிவு 17 வயதுக்குட்பட்டோருக்கானது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் ஏழாம் வகுப்பிலிருந்துதான் பிள்ளைகளை எடுக்கின்றன. எட்டு வயதில் மூடிக்கொள்ளும் கதவு எதுவும் இதில் இல்லை.

2018-ல் கோல்டன் பேபி லீக் என்ற பெயரில் தொடங்கிய ஏற்பாடு 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக வந்தது. சின்ன அணிகளாகப் பிரிந்து நிறைய மேட்ச் ஆடிப் பழகட்டும் என்பதே அதன் நோக்கம். நார்வேயில் 11 வயதுக்கு முன் புள்ளிப் பட்டியலே போடக்கூடாது, 13 வயதாகும் வருடத்துக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆடவும் முடியாது. கால்பந்து நட்சத்திரம் எர்லிங் ஹாலண்ட் வளர்ந்த நாடு அது. கால்பந்து அங்கே ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சரி, வயதை விட்டால் வேறு எதைப் பார்ப்பது? யாரும் கூப்பிடாமல் பந்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறானா, சுவரில் அடித்து அடித்து அக்கம்பக்கத்து அக்காவிடம் திட்டு வாங்குகிறானா என்று பாருங்கள். தோற்றுவிட்டு வந்த அன்று எப்படிச் சாப்பிடுகிறான் என்றும் பாருங்கள். அழுதால் பரவாயில்லை. அழுத பிறகு மறுநாள் கிரவுண்டுக்குப் போகக் கேட்கிறானா என்பதுதான் விஷயம். இன்னொன்று, ஆட்டத்தில் பந்தை விட்டுத் தள்ளி நிற்க வருகிறதா? ஆறேழு வயதுப் பிள்ளைகள் பலாச்சுளையில் ஈ மொய்ப்பதுபோல எல்லோரும் பந்தைச் சுற்றித்தான் ஓடுவார்கள். பந்து அவர்களுக்கு இன்னும் சொந்தப் பொருள். பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்தால் நமக்குத்தான் நல்லது என்று தானாகத் தோன்ற ஆரம்பிக்கும்போது பிள்ளை அணி ஆட்டத்துக்குத் தயாராகிறது. சிலருக்கு அது ஒன்பதில் வரும், சிலருக்குப் பன்னிரண்டில். திட்டி வரவழைக்க முடியாது.

உயரத்தைத் திறமை என்று நம்புவது

இதில் ஏமாறாத பெற்றோர் குறைவு. வயதுப் பிரிவுகளை ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. எட்டு வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்பது அவன் வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஜனவரிக்காரன் ஓடினால் முந்துவான், மோதினால் நிற்பான், மாஸ்டர் கண்ணில் படுவான். அணியில் எடுப்பதால் கூடுதல் பயிற்சி கிடைக்கிறது. அந்தப் பயிற்சியால் நிஜமாகவே தேறிவிடுகிறான். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் வருட ஆரம்பத்தில் பிறந்தவர்களே அதிகம் இருப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆக, உங்கள் பிள்ளை எட்டு வயதில் கலக்கினால் பிறந்த மாதத்தை ஒருமுறை பாருங்கள். சொதப்பினாலும் அதைப் பாருங்கள். நவம்பர், டிசம்பர் பிள்ளைகளைப் பத்து வயதிலேயே "இவனுக்குச் சரிப்படாது" என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம்.

பிறந்த தேதி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நம் அப்பா, தாத்தா காலத்தில் பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்டதுதான் பிறந்தநாள். பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்! அந்தப் பழக்கத்தில், "ஒரு வருஷம் கொறச்சுப் போட்டா என்ன" என்று இன்றும் சிலர் காதைக் கடிக்கிறார்கள். போடாதீர்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைக் கணிக்கும் சோதனை இந்திய இளையோர் போட்டிகளில் நடைமுறையில் இருக்கிறது. மாட்டிக்கொண்டால் அவமானம் பிள்ளைக்குத்தான், சான்றிதழ் வாங்கிய பெரியவருக்கு இல்லை.

கோப்பை அலமாரியைப் பார்த்துச் சேர்ப்பது

நான் சேர்த்த இடத்தில் அலமாரி நிறைய கோப்பைகள் இருந்தன. என் மகன் மூன்று டோர்னமென்டில் பெஞ்சில் உட்கார்ந்தான். மொத்தமாக அவன் ஆடியது ஒரு பாதி மேட்ச்கூட இருக்காது. ஜெயிக்க வேண்டிய ஆட்டம் என்றால் வளர்ந்த பையன்கள்தான் இறங்குவார்கள், அலமாரி அப்படித்தான் நிறைந்தது. மாஸ்டரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கோப்பை இருந்தால்தான் என்னைப்போன்ற அப்பாக்கள் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பணம் கட்டும்முன் ஒரு பயிற்சி நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று காத்திருக்கும் நேரம் அதிகமா, பந்தோடு இருக்கும் நேரம் அதிகமா? ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பெரிய மைதானத்தில் பதினொருவர் ஆட்டம் ஆடவிட்டால், ஓரத்தில் நிற்பவன் காலுக்குப் பந்து வருவதே அபூர்வம். அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 8 வயது வரை நால்வர் ஆட்டம், 10 வரை எழுவர், 12 வரை ஒன்பதின்மர், அதற்கப்புறம்தான் பதினொருவர் என்று வகுத்திருக்கிறது. பந்தும் அப்படித்தான். எட்டு வயதுக்குக் கீழே 3-ம் நம்பர், 12 வரை 4-ம் நம்பர், 13-லிருந்து 5. குட்டிப் பையன்கள் 5-ம் நம்பர் பந்தைத் தலையால் முட்டிப் பயிற்சி எடுப்பதைப் பார்த்தால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். அமெரிக்காவில் 10 வயது வரை ஹெடிங் கிடையாது. இங்கிலாந்திலும் 11 வயதுக்குட்பட்டோர் வரை படிப்படியாக நிறுத்தி வருகிறார்கள்.

மாஸ்டரிடம் கேட்க வேண்டியது: மேட்ச்சில் எல்லோருக்கும் இறங்க வாய்ப்பு உண்டா, ஒரே பையனையே கோல் கீப்பராக நிறுத்துவீர்களா, நடுவில் நிறுத்திவிட்டு அடுத்த வருஷம் வந்தால் சேர்ப்பீர்களா. கடைசிக் கேள்விக்கு அவர் முகம் போகும் போக்கே பதில்.

கடலூர்க்காரர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாண்டியில் பயிற்சி எடுக்கலாம், ஆனால் பள்ளி விளையாட்டில் எந்தப் பள்ளியில் படிக்கிறானோ அந்தப் பக்கத்துக்குத்தான் ஆட முடியும். பாண்டி சின்ன ஊர், போட்டி குறைவு, சீக்கிரம் மாநில அணியில் இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பள்ளியையே மாற்றுகிறார்கள் சிலர். பத்து வயதுப் பையனுக்கு ஒரு ஜெர்சிக்காக நண்பர்கள், வாத்தியார், பாடத்திட்டம் எல்லாம் ஒரே நாளில் மாறுகிறது. எனக்கு இது சம்மதமில்லை.

மற்ற ஆட்டங்களை நிறுத்துவது

"இனி கிரிக்கெட் வேண்டாம், நீச்சல் வேண்டாம், கால்பந்தில் மட்டும் கவனம்." நானும் சொன்னவன்தான். குழந்தை மருத்துவர்கள் சொல்வது நேர் எதிர். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் ஒடுங்க வேண்டாம் என்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும். வருடத்தில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, அந்த விளையாட்டிலிருந்து விலகி இருக்க வேண்டும்.

வளரும் எலும்பின் முனைகள் மென்மையானவை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் தசைநார் அந்த முனையைப் பிடித்து இழுக்கும். எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் ஓடியாடும் பிள்ளைகளுக்குக் குதிகால் வலி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிச்சுபோல வீங்கி வலி வருவது இதனால்தான். வீட்டில் பெரியவர்கள் "வளர்ற வலி" என்று எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். தேய்க்கட்டும். ஆனால் பிள்ளை நொண்டினாலோ, ஆடும்போதெல்லாம் அதே இடத்தில் வலித்தாலோ டாக்டரிடம் போங்கள், ஆட்டத்தை நிறுத்துங்கள்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம்கூடத் தேவையில்லை. பாண்டி அரவிந்தர் ஆசிரமப் பள்ளிப் பிள்ளைகள் ஜிம்னாஸ்டிக்ஸ், ஓட்டம், நீச்சல், பந்தாட்டம் என்று எல்லாவற்றையும் தொட்டு வளர்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 2 அன்று அவர்கள் நடத்தும் உடற்பயிற்சி நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிள்ளைகளின் உடம்பு எப்படி வளைகிறது என்று தெரியும். ஓய்வுக்கும் நாம் நாள் குறிக்க வேண்டியதில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வானமே கிரவுண்டை மூடிவிடுகிறது. அந்த மழைக் காலத்திலும் செயற்கைப் புல் டர்ஃபை வாடகைக்கு எடுத்து விரட்டுவானேன்?

ஷூவைப் பற்றி ஒரு வரி: வளருவான் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். கால் உள்ளே வழுக்கி, கணுக்கால்தான் பிசகும்.

பெண் பிள்ளையை ஆரம்பிக்க வேண்டிய வயதில் நிறுத்துவது

பையனை அவசரப்பட்டுச் சேர்ப்பவர்கள், பெண்ணை அவசரப்பட்டு நிறுத்துகிறார்கள். இது கடலூரில் நடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த ஊர்க்காரர், தமிழ்நாடு காவல்துறையில் அதிகாரி. தமிழ்நாடு மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். இத்தனைக்கும் பிறகு, பன்னிரண்டு பதின்மூன்று வயதில், பெரியவளானதும், "போதும், இனி படிப்பைப் பார்" என்று பந்தை வாங்கிப் பரண்மேல் வைத்துவிடுகிறோம். நிஜமான போட்டி ஆட்டம் ஆரம்பிப்பதே அந்த வயதில்தான். ஐந்து வருடம் ஆசையாக ஆடிய பிள்ளைக்குச் செலக்‌ஷன் வரும் வருடத்தில் வீட்டுக் கதவைச் சாத்துகிறோம்.

தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. இருட்டிய பிறகு எப்படித் திரும்புவாள், டோர்னமென்டுக்கு வெளியூர் போனால் உடன் யார், உடை மாற்ற இடம் இருக்கிறதா, கழிப்பறை எப்படி. இவை ஆட்டத்தை நிறுத்தக் காரணங்கள் இல்லை, மாஸ்டரிடம் முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டிய கேள்விகள். பெண் பயிற்சியாளரோ பொறுப்பான ஓர் அக்காவோ உடன் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். நாலு வீட்டார் சேர்ந்தால் ஓர் ஆட்டோ பேசிக்கொள்ளலாம்.

திரும்பும் வழியில் பாடம் நடத்துவது

இதில் நான் நிபுணன். அரியாங்குப்பம் பாலத்தில் ஆரம்பித்தால் மஞ்சக்குப்பம் வரும்வரை பேசுவேன். அங்கே ஏன் பாஸ் கொடுக்கவில்லை, ஏன் அவனுக்குப் பயந்து ஒதுங்கினாய். பைக்கின் பின்னால் அவன் வாயே திறக்க மாட்டான். ஒருநாள் "உனக்காக எவ்வளவு செலவு பண்றேன் தெரியுமா" என்றும் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் பிடிக்கவில்லை என்று அவனால் எப்படிச் சொல்ல முடியும்? வயிறுதான் சொல்லியது.

நிறுத்தினோம். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, பணமும் திரும்பவில்லை. இரண்டரை வருடம் அவன் தேவனாம்பட்டினம் மணலில் வெறுங்காலோடு ஆடினான், மீதி நேரம் கிரிக்கெட். நான் கால்பந்தைப் பற்றி வாய் திறக்கவில்லை, அது எனக்குப் பெரிய தண்டனை. பதினோரு வயதில் ஒருநாள் அவனே வந்து, நண்பனோடு ஒரு செலக்‌ஷனுக்குப் போகட்டுமா என்று கேட்டான். போனான். எடுக்கவில்லை. வரும் வழியில் இரண்டு பரோட்டா சாப்பிட்டான், மூன்றாவதையும் கேட்டான். கையைக் கழுவிக்கொண்டே, "அடுத்த செலக்‌ஷன் எப்பப்பா?" என்றான்.