பிரட் மெஷின் வாங்கலாமா? வாங்குவதற்கு முன் ஒரு மாதம் செய்து பார்க்க வேண்டியவை

"எட்டாயிரம் ரூபாய்க்கு எத்தனை பாக்கெட் பிரட் வரும்னு கணக்குப் போட்டியாம்மா?" என்று அத்தை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மாவும் தண்ணீரும் போட்டால் தானே பிசைந்து, உப்ப வைத்து, சுட்டும் தரும் பிரட் மெஷின் ஏற்கெனவே வந்து, பெட்டி பிரிக்கப்படாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அதாவது, முதலில் செய்ய வேண்டிய கணக்கை நான் கடைசியில் செய்தேன். நீங்களாவது வரிசையாகச் செய்யுங்கள். இரண்டு வருடம் திருச்சி வெயிலில் இந்த மெஷினோடு மல்லுக்கட்டிய பிறகு எழுதுகிறேன்.

படி 1: காலி உறைகளைச் சேர்த்து வையுங்கள்

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பை மாட்டி, ஒரு மாதம் வீட்டுக்கு வரும் பிரட் உறைகளை எல்லாம் அதில் போடுங்கள். மனதில் கணக்கு வைத்துக்கொண்டால் தப்பாகத்தான் வரும். "வாரம் நாலு பாக்கெட் ஆகுமே" என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பையில் இருந்தவை ஒன்பது.

என் கணக்கு இது. கடையில் 400 கிராம் பிரட் 50 ரூபாய். வீட்டில் 300 கிராம் மைதா, கொஞ்சம் வெண்ணெய், பால் பவுடர், சர்க்கரை, ஈஸ்ட், மின்சாரம் எல்லாம் சேர்ந்து சுமார் 35 ரூபாய். ஒரு பிரட்டுக்கு மிச்சம் 15 ரூபாய். 8,000 ரூபாயை அப்படி மீட்க 530 பிரட்டுக்கு மேல் சுட வேண்டும். மாதம் ஒன்பது என்றால் ஏறத்தாழ ஐந்து வருடம். இந்த விடையை நான் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே, காசு மிச்சமாகும் என்று நினைத்து வாங்காதீர்கள். மாதம் நாலு பாக்கெட்டுக்குக் கீழே என்றால் வாங்கவே வேண்டாம் என்பேன்.

காசு மிச்சமாவதைத் தவிர வேறு என்ன காரணம்? எனக்கு இருந்த காரணம் உறையின் பின்பக்கம். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கித்தான் வரிசையாக அச்சிடுவார்கள். "கோதுமை பிரட்" என்று முன்னால் பெரிதாக எழுதிய உறையில், பின்னால் முதல் பெயரே மைதாவாக இருந்தது. பழுப்பு நிறத்துக்கு கேரமல் வண்ணம், 150 என்று தொடங்கும் எண்ணோடு. 2016இல் டெல்லி பிரட் மாதிரிகளில், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொட்டாசியம் புரோமேட் இருப்பதாக சிஎஸ்இ (அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம்) என்ற அமைப்பு ஆய்வறிக்கை வெளியிட்டதும், அதே வருடம் அந்தப் பொருளுக்குத் தடை வந்ததும் நினைவிருக்கலாம். அதை இன்று சொல்லி யாரையும் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் பிள்ளைகள் தின்பதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு உங்கள் வீட்டில் என்ன விலை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

படி 2: உங்களுக்கு எந்த பிரட் வேண்டும்?

மெஷினில் வருவது செங்கல் மாதிரி உயரமான, மென்மையான பிரட். அடியில், மாவைப் பிசையும் துடுப்பு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை நிச்சயம். ஓரம் கடை பிரட்டைவிடத் தடிமனாக இருக்கும். பேக்கரி பன், பாவ் பன் மாதிரி வேண்டுமென்றால் மெஷின் மாவைப் பிசைந்து, உப்ப வைத்துத் தரும். உருட்டிச் சுட உங்களிடம் ஓடிஜி (மேடையில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) இருக்க வேண்டும். மேலே மொறுமொறுவென்று வெடித்து நிற்கும் ஐரோப்பிய வகை பிரட் இதில் வராது.

இன்னொன்று, வீட்டு பிரட்டில் பூஞ்சணத் தடுப்பான் கிடையாது. நம் ஊர் புழுக்கத்தில் மூன்றாம் நாளே பச்சை பூத்துவிடும். ஆறியதும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வேண்டும்போது நேரே தோசைக்கல்லில் போடுவது எங்கள் வழக்கம்.

படி 3: மெஷின் இல்லாமல் ஒருமுறை செய்து பாருங்கள்

300 கிராம் மைதா, 190 மில்லி தண்ணீர், 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 5 கிராம் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, 20 கிராம் வெண்ணெய். கையால் பதினைந்து நிமிடம் பிசைந்து, இரு மடங்காக உப்பவிட்டு, டின்னில் போட்டு மறுபடி உப்பவிட்டு, ஓடிஜியில் 190 டிகிரியில் அரை மணி நேரம் சுடுங்கள்.

பிசையும்போது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கவனியுங்கள். பிடித்திருந்தால் மெஷின் தேவையில்லை, ஓடிஜியே போதும். "சாப்பிட நல்லா இருக்கு, ஆனா இந்த வேலை நமக்கு ஆகாது" என்று தோன்றினால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். மேடை எல்லாம் மாவாகி, கையைக் கழுவப் போய் குழாயெல்லாம் மாவானதும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

படி 4: இடம், பிளக், கரண்ட்

மேடையில் அளவு எடுக்கும்போது மூடி திறந்த நிலையில் உயரத்தைப் பாருங்கள். மேலே அலமாரி இடித்தால் ஒவ்வொரு முறையும் மெஷினை வெளியே இழுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் அது பரணுக்குப் போய்விடும்.

வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 500 முதல் 700 வாட். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே தாங்கும். மின்சாரம் ஒரு பிரட்டுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு என்று என் பிளக் மீட்டர் காட்டியது. செலவைவிட மின்வெட்டைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். சாதாரண பிரட்டுக்கே மூன்று மணி நேரம் ஓடும். நடுவில் கரண்ட் போனால் என் மெஷின் பத்து நிமிடம்வரை ஞாபகம் வைத்திருக்கும். அதைத் தாண்டினால் முதலிலிருந்து பிசையத் தொடங்கிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து மதியம்வரை நிறுத்தும் நாளில் நான் மெஷின் பக்கமே போவதில்லை. ஒருமுறை மறந்துபோய் மாட்டிக்கொண்டேன். பாதி உப்பிய மாவை எடுத்து, கனமாகத் தட்டி, தோசைக்கல்லில் மூடி போட்டுச் சுட்டேன். சின்னவன் இன்றும் "அந்த கரண்ட் கட் ரொட்டி" வேண்டும் என்று கேட்கிறான்.

படி 5: கடையில் எதைப் பார்ப்பது

புரோகிராம் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்தொன்பது இருந்தாலும் நீங்கள் பயன்படுத்தப் போவது மூன்றோ நாலோதான். ஜாம், கேக், தயிர் எல்லாம் விளம்பரத்துக்கு.

நான் பார்க்கச் சொல்வது: பாத்திரமும் துடுப்பும் தனியாக உதிரியாகக் கிடைக்கிறதா (ஒட்டாத பூச்சு ஒருநாள் போய்த்தான் தீரும்), மூடியில் கண்ணாடி இருக்கிறதா, பிசையும் நேரம், உப்பும் நேரம், சுடும் நேரம் மூன்றையும் நாமே வைக்கும் வசதி இருக்கிறதா. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஏனென்று அடுத்த படியில் தெரியும். பாத்திரத்தின் உட்புறத்தையும் தடவிப் பாருங்கள், வரிவரியாகப் புடைப்பு இருக்க வேண்டும். 1987இல் ஜப்பானில் மட்சுஷிடா (இன்றைய பானாசோனிக்) நிறுவனம் வீட்டு பிரட் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்ததற்கு முன், மாவு சரியாகப் பிசையப்படாமல் திணறியதாம். அந்த நிறுவனத்துப் பெண் ஒருவர் ஒசாகா ஓட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய் வேலை கற்று, அவர் மாவை முறுக்கி இழுப்பதைக் கவனித்து வந்த பிறகுதான் உட்சுவரில் வரி வைக்கும் யோசனை பிறந்தது. இது எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

மெஷினோடு வரும் அளவுக் கப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். கப்பில் மாவை அழுத்தினால் ஒரு எடை, அள்ளினால் ஒரு எடை. ஈஸ்ட்டில் இன்ஸ்டன்ட் வகை போதும். 500 கிராம் பொட்டலம் மலிவு, ஆனால் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்க வேண்டும். அலமாரியில் விட்டால் நம் ஊர் சூட்டில் செத்துவிடும். அறுக்க, பல் உள்ள நீளக் கத்தி.

படி 6: முதல் பிரட், அல்லது நான் விழுந்த பள்ளம்

படி 3இல் சொன்ன அதே அளவுதான். முதலில் தண்ணீர், வெண்ணெய், உப்பு, சர்க்கரை, மேலே மாவு, மாவின் நடுவில் குழி செய்து ஈஸ்ட். (சில மெஷின்களில் வரிசை தலைகீழ். கையேட்டைப் பாருங்கள்.) பொத்தானை அழுத்த வேண்டியதுதான்.

நான் மெஷின் வாங்கியது மார்கழியில். முதல் பிரட்டே விளம்பரத்தில் வருவதுபோல வந்தது. தை, மாசி எல்லாம் அப்படியே. சித்திரை பிறந்ததும் ஆரம்பித்தது வினை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் மாவு மூடியைத் தொடும் அளவுக்கு உப்பி நிற்கும். சுடத் தொடங்கியதும் நடுவில் பொத்தென்று குழிவிழும். வெளியே எடுத்தால் மேலே பள்ளம், உள்ளே புளித்த வாடை. அளவில் ஒரு கிராம் மாறவில்லை. ஈஸ்ட் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கினேன், பள்ளம் பெரிதானது. மாவை மாற்றினேன். மெஷினையே திருப்பி அனுப்பிவிடலாமா என்றும் பார்த்தேன். ஆறு பிரட் போயிற்று.

பதில் குழாயில் இருந்தது. கையேட்டில் "வெதுவெதுப்பான நீர்" என்று போட்டிருந்ததால் நானும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மே மாதம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் வெதுவெதுப்பா என்ன? கையை வைத்தால் சுடும். மாவும் 36 டிகிரி அறையில் இருந்த மாவு. அதன்மேல் துடுப்பு சுற்றுகிற உரசல் சூடு வேறு. பிசைந்து முடியும்போதே மாவு 40 டிகிரியைத் தாண்டிவிடும். ஈஸ்ட் தலைதெறிக்க வேலை செய்து, நேரம் வருவதற்குள் களைத்துப்போகும். மெஷினுக்கு அது தெரியாது, ஏனென்றால் அது மாவைப் பார்த்து வேலை செய்வதில்லை, கடிகாரத்தைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான். பங்குனி முதல் ஆவணிவரை ஃப்ரிட்ஜில் வைத்த குளிர்ந்த தண்ணீர் மட்டும். அக்னி நட்சத்திர நாட்களில் மாவையும் முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். ஈஸ்ட் 3 கிராமுக்குப் பதில் 2. உப்பும் நேரத்தில் இருபது நிமிடம் குறைப்பேன். நேரத்தை நாமே வைக்கும் வசதி வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். பிசைந்து முடிந்த மாவு 26, 27 டிகிரியில் இருந்தால் பயமில்லை. சமையலறைத் தெர்மாமீட்டர் இல்லையென்றால் தொட்டுப் பாருங்கள், கைக்குச் சற்றுக் குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும்.

பிசையத் தொடங்கிய எட்டாவது நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்ப்பதையும் விடாதீர்கள். மாவு உருண்டையாகத் திரண்டு, பாத்திரச் சுவரை விட்டுச் சுத்தமாக வர வேண்டும். சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வு. அடியில் கூழாக ஒட்டினால் ஒரு கரண்டி மாவு, காய்ந்து தடதடத்தால் ஒரு கரண்டி தண்ணீர். சுடத் தொடங்கிவிட்டால் திறக்கக் கூடாது. "போட்டுவிட்டு மறந்துவிடலாம்" என்று விற்பனையாளர் சொல்வதை நம்பி வாங்குபவர்களுக்கு இந்த மெஷின் ஏமாற்றம்தான்.

வெந்ததும் உடனே பாத்திரத்திலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு அறுங்கள். துடுப்பு பிரட்டோடு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கத்தி வையுங்கள். நான் ஒருமுறை பார்க்கவில்லை.

பின்சேர்க்கை 1: இரவில் டைமர் வைத்துக் காலையில் சூடான பிரட் சாப்பிடலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். மார்கழியில் செய்யலாம், பால், முட்டை சேர்க்காமல். கோடையில் வேண்டாம்; குளிர்ந்த தண்ணீர் ஊற்றினாலும் விடிவதற்குள் சூடாகிவிடும். தவிர, அதிகாலை நாலு மணிக்கு மெஷின் மாவை அடிக்கிற சத்தத்தில் வீடே எழுந்துவிடும்.

பின்சேர்க்கை 2: முழுக் கோதுமை மாவில் செய்து கல் மாதிரி வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். சப்பாத்தி மாவு தண்ணீரை அதிகம் குடிக்கும். 300 கிராமுக்கு 225 மில்லி வைத்துத் தொடங்குங்கள். ஐந்து நிமிடம் பிசையவிட்டு மெஷினை நிறுத்தி, இருபது நிமிடம் ஊறவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓடவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி குளூட்டன் (மாவை இழுபட வைக்கும் கோதுமைப் புரதம்) பொடியும் சேர்த்தால் நன்றாக எழும்பும். ஆரம்பத்தில் பாதி மைதா, பாதி கோதுமை நல்லது. கேழ்வரகு, கம்பு மாவில் குளூட்டன் கிடையாது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போட்டால் எழும்பாது.

பின்சேர்க்கை 3: அத்தைக்கு மணிக்கட்டு வலி வந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் சப்பாத்தி மாவை இந்த மெஷினில்தான் பிசைகிறார். பிசையும் மோடில் பதினைந்து நிமிடம், ஈஸ்ட் இல்லாமல். பிரட் வாரம் இரண்டு என்றால் சப்பாத்தி மாவு வாரம் ஆறு. ஆகவே படி 1இல் உறைகளை எண்ணும்போது, உங்கள் வீட்டில் வாரம் எத்தனை நாள் சப்பாத்தி என்பதையும் அந்தப் பையின் மேலேயே எழுதி வையுங்கள்.