சென்னை வெயிலும் பிள்ளைகளின் தோலும்: புதிதாக வந்திறங்கியவர்களுக்கு

நாங்கள் ஆஸ்லோவிலிருந்து சென்னைக்குக் குடிவந்தது ஒரு மார்கழி மாதம். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளைப் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். மணி பதினொன்று. காற்று சிலுசிலுவென்று அடித்தது. இதெல்லாம் ஒரு வெயிலா என்று தொப்பிகளைக் காரிலேயே விட்டுவிட்டேன். ராத்திரி சட்டை உரசினாலே தோள்பட்டை எரிகிறது என்று மகள் அழுதாள். மாநிறம் என்பதால் சிவந்தது தெரியவில்லை. கை வைத்துப் பார்த்தால்தான் கொதித்தது. நாலைந்து நாளில் வெங்காயச் சருகு மாதிரி தோல் உரிந்தது.

சூட்டை வைத்து வெயிலை அளந்தது என் தப்பு. தோலைச் சுடுகிற புற ஊதாக் கதிர் உடம்புக்கு உறைக்காது. கடற்காற்று அதைக் குறைக்காது. சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். மார்கழி நடுப்பகலில் சூரியன் இங்கே நிற்கிற உயரத்துக்கு ஆஸ்லோவில் வர வேண்டுமென்றால் ஜூன் மாதம் ஆக வேண்டும். போதாக்குறைக்கு, வெப்பமண்டலத்தின் மேல் ஓசோன் படலமும் மெலிசு. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். பன்னிரண்டு மணி கடந்து சில நிமிடத்தில் மொட்டை மாடியில் ஒரு பாட்டிலை நிறுத்திப் பாருங்கள், நிழலே விழாது.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது நிழல்தான் கடிகாரம். பிள்ளையின் நிழல் பிள்ளையைவிடக் குட்டையாக இருந்தால் வெளி விளையாட்டு கிடையாது. கோடையில் இது காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை. மார்கழியில் சுமார் பத்தரையிலிருந்து இரண்டு வரை. "அப்பா, நிழல் குள்ளமாயிடுச்சு" என்று மகனே இப்போது சொல்லிவிடுகிறான். போனில் வானிலை பார்க்கிறவர்கள் யுவி இண்டெக்ஸைப் (புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் எண்) பாருங்கள்: 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும், இங்கே கோடை நண்பகலில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம். கத்திரி வெயிலுக்கு எல்லோரும் உஷாராகிவிடுகிறோம். பள்ளி திறந்த பிறகு ஆகஸ்டில் மைதானத்தில் நடக்கிற பி.டி. பீரியட்தான் கண்ணில் படுவதில்லை. தொப்பி போட அனுமதி உண்டா என்று ஆசிரியரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

முதலில் துணி, அப்புறம்தான் கிரீம். நெருக்கமாக நெய்த பருத்தி, தளர்வான முழுக்கை. மெல்லிய வெள்ளைத் துணியைவிட அடர் நிறம் கதிரை நன்றாகத் தடுக்கும். நனைந்த துணி அவ்வளவாகத் தடுக்காது. காதும் பிடரியும் மறைகிற மாதிரி சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி வாங்குங்கள், கிரிக்கெட் தொப்பி போதாது. ஸ்கூட்டரில் போகும்போது கால் விரல்வரை வெயிலில் இருக்கும், அதை மறக்கிறோம்.

சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப் (தோலைச் சுடுகிற கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்) 30 இருந்தால் போதும். 30 சுமார் 97 சதவீதம் தடுக்கிறது, 50 தடுப்பது 98. அதற்காகக் கூடுதல் காசு தேவையில்லை. ஆனால் யுவிஏ, யுவிபி என்ற இரண்டு வகைப் புற ஊதாக் கதிரையும் தடுப்பதாக எழுதியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிங்க் ஆக்சைடு கலந்தது எரிச்சல் தராது. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் தாராளமாகப் பூசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும், நீச்சல் முடிந்து துவட்டியதும், மறுபடி. சென்னையில் வியர்வையே ஒரு குளியல்தான். சட்டைக்குள் பூச வேண்டாம், வேர்க்குரு வரும். டியூபைக் காரில் விட்டால் சூட்டில் கெட்டுவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு கிரீம் வேண்டாம், நேர் வெயிலே படாமல் வைத்திருங்கள்.

எரிந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி போடுங்கள், நிறையத் தண்ணீர் கொடுங்கள். ஐஸ், பற்பசை எதுவும் வேண்டாம். கொப்புளமோ காய்ச்சலோ இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

இன்னொன்று. கிரீமைப் பார்த்ததும் உறவுக்காரர்கள், "ஆமா, புள்ள கறுத்துடக் கூடாதுல்ல" என்பார்கள். பிள்ளை காதுபடவே சொல்வார்கள். என் அத்தையிடம், "கறுப்புக்கு இல்ல அத்தே, எரிச்சலுக்கு" என்று மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை அவரே குடையை எடுத்துக்கொண்டு பேத்தியோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.