ஏரியைக் காக்கும் குழுவின் தகவல் குவியலை ஒழுங்குபடுத்தும் வழிகள்

ஓர் ஏரியையோ சதுப்பு நிலத்தையோ காக்க ஐந்தாறு பேர் சேர்ந்து செயல்படத் தொடங்கினால், சில மாதங்களிலேயே செய்தி நறுக்குகளும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைகளும், தகவல் உரிமைச் சட்டப்படி பெற்ற பதில்களும், களத்தில் எடுத்த படங்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் குவிந்துவிடுகின்றன. எல்லாருக்கும் எல்லாமே வந்து சேர்கிறது. ஆயினும் விசாரணைக்கு முந்தைய நாள் வழக்கறிஞர் ஒரு பதிலைக் கேட்டால், அது யாருடைய கைப்பேசியில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. வருவதைக் குறைக்க இங்கே வழியில்லை. ஒவ்வொன்றையும் அனைவரும் படிக்க வேண்டும் என்ற நிலையை மாற்றுவதும், ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரே இடத்தை உறுதிசெய்வதுமே செய்யக்கூடியவை.

முதலில் தேவைப்படுவது ஒரு பதிவேடு. கூகுள் ஷீட்ஸில் அனைவரும் திருத்தக்கூடிய விரிதாள் ஒன்றைத் திறந்து, ஆவணத்தின் தேதி, வகை, அனுப்பிய அலுவலகம், ஒரு வரிச் சுருக்கம், கோப்பின் இணைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்தி (column) அமையுங்கள். கோப்புகள் கூகுள் டிரைவில் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். அவற்றின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2024-03-12 என்பதுபோல் தொடங்கினால், பெயர்வரிசையே காலவரிசையாகவும் அமைந்துவிடும். இதன்பின் வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பாமல் பதிவேட்டு வரியின் இணைப்பை மட்டும் அனுப்ப வேண்டும். இந்த ஒரு பழக்கம் நிலைபெற்றால் பாதி வேலை முடிந்தது என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பதிவேடு நினைவூட்டும் வேலையையும் செய்யும். தகவல் உரிமைச் சட்டம், 2005இன்படி பொதுவாக 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். பதில் வராவிட்டாலோ வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆகவே மனு அலுவலகத்துக்குச் சென்று சேர்ந்த தேதியுடன் 30ஐக் கூட்டும் சூத்திரத்தைப் பக்கத்துப் பத்தியில் எழுதி, அந்தத் தேதி கடந்தால் கட்டம் சிவப்பாக மாறும்படி நிபந்தனை வடிவமைப்பை அமைத்துவிடுங்கள். யாரும் நாள்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

படங்களுக்கு மட்டும் தனி எச்சரிக்கை தேவை. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படம் சுருக்கப்படுவதோடு, எடுத்த நேரமும் இடமும் பற்றிய உள்விவரங்களையும் இழந்துவிடுகிறது. ஆக்கிரமிப்புக்கோ கழிவு கொட்டப்பட்டதற்கோ சான்றாகப் பயன்பட வேண்டிய படத்துக்கு அந்த விவரங்கள் முக்கியமானவை என்பதால், படத்தை நேரடியாக டிரைவில் ஏற்றுவதே நல்லது. இயலாதபோது ஆவணம் என்ற தெரிவின் வழியே அனுப்பலாம்.

அடுத்து, வெளியிலிருந்து வரும் செய்திகள். கூகுள் அலர்ட்ஸில் ஏரியின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதிந்து, முடிவுகளை மின்னஞ்சலாகப் பெறாமல் ஓடையாக (RSS feed) பெறும்படி அமைத்து, ஃபீட்லி போன்ற ஓடைப் படிப்பானில் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் மடல்கள் தவிர்க்க முடியாதவை என்றால், ஜிமெயில் முகவரியில் @ குறிக்கு முன்னால் + குறியும் ஒரு சொல்லும் சேர்த்துப் பதிவுசெய்யலாம். அந்த முகவரிக்கு வரும் அனைத்தையும் உள்பெட்டிக்குள் விடாமல் ஒரு லேபிளின் கீழ் கொண்டுபோய் வைக்க ஒரே வடிகட்டி போதும். வாரத்துக்கு ஒருவர் முறைவைத்து இவற்றைப் படித்து, பொருட்படுத்த வேண்டியவற்றை மட்டும் பதிவேட்டில் ஏற்றினால் மற்றவர்கள் அந்த வாரம் களப்பணிக்குப் போகலாம். செய்திப் பக்கங்கள் பின்னர் காணாமற்போவது வழக்கம். ஆகவே பதிவேட்டில் ஏற்றும்போதே இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலும் அந்தப் பக்கத்தைச் சேமித்து, அந்த இணைப்பையும் சேர்த்துவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் தமிழ் ஆவணங்கள் தேடலில் அகப்படாமல் போகக்கூடும். அலுவலகங்களிலிருந்து வரும் பதில்கள் பெரும்பாலும் தாளை வருடிய (ஸ்கேன் செய்த) படங்களாகவே இருப்பதால் அவற்றுள் தேடுவதற்கு எழுத்து எதுவும் இல்லை. டிரைவில் அந்தக் கோப்பை வலச்சொடுக்கி, கூகுள் டாக்ஸ் வழியே திறந்தால், அது படத்திலுள்ள தமிழ் எழுத்துகளை அறிந்து உரையாக்கித் தரும். பிழைகள் இருக்குமாதலால் எண்களையும் புல எண்களையும் மூலத்தோடு ஒப்பிடாமல் மேற்கோள் காட்டக் கூடாது. பழைய கோப்புகளில் வேறொரு தொல்லை உண்டு. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக ஏற்றது. அதற்கு முன்னும், சில இடங்களில் அதற்குப் பின்னும், வானவில், பாமினி போன்ற எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சு செய்யப்பட்டவை கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் தேடுபொறிக்குப் பொருளற்ற எழுத்துக் கோவைகளே. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளால் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

மொழியின் இயல்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். குளம் என்று தேடினால் குளத்தை, குளத்தில், குளங்கள் ஆகியவை அகப்படாமல் போகலாம். ஒரு பக்கத்துக்குள் தேடும்போது "குள" என்ற பகுதியை மட்டும் இட்டால் எல்லா வடிவங்களும் வந்துவிடும். சொல்லின் பகுதியைக் கொண்டு தேடும் வசதி இல்லாத ஜிமெயிலில் இது பயன்படாது. ஆகவே பதிவேட்டில் குறிச்சொற்களுக்கென ஒரு பத்தி ஒதுக்கி, வேற்றுமை உருபு சேராத சொற்களை மட்டும், எல்லாரும் ஒரே எழுத்துக்கூட்டலில், அதில் எழுதுங்கள். ஏற்றுக்கொண்ட குறிச்சொற்களின் பட்டியல் விரிதாளின் இரண்டாம் தாளில் இருந்தால், கீழ்விரி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதோடு வேலை முடியும்.

மனுக்களையும் அறிக்கைகளையும் கூகுள் டாக்ஸில் பரிந்துரை முறையில் திருத்துவது, யார் எதை மாற்றினார் என்ற வாக்குவாதத்தைத் தவிர்க்கும். அலுவலகத்தில் அளித்த வடிவத்துக்குப் பதிப்பு வரலாற்றில் தேதியுடன் பெயரிட்டு வையுங்கள். ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் சேரும் குழுவுக்கு, அவற்றைச் சேகரித்து ஒழுங்குபடுத்தும் மென்பொருளான ஸோட்டெரோவின் குழு நூலகம் ஏற்றது. 300 எம்பி வரை இலவசம், சிறு குழுவுக்குத் தொடக்கத்தில் அதுவே போதும்.

இனி இரண்டு பாதுகாப்புச் செய்திகள். மனுக்களிலும் பதில்களிலும் மனுதாரரின் வீட்டு முகவரி இருக்கும். ஆக்கிரமிப்பை எதிர்ப்பவர்களுக்கு அது வெளியாவது உண்மையான ஆபத்து. எனவே இணைப்பு வைத்திருக்கும் எவரும் காணலாம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல், உறுப்பினர்களின் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மற்றொன்று உரிமை பற்றியது. டிரைவில் ஒருவர் ஏற்றிய கோப்பு அவருடைய கணக்குக்கே சொந்தம். அவர் விலகிக் கணக்கை நீக்கினால் கோப்பும் போய்விடும். குழுவுக்கென ஒரு கணக்கைத் தொடங்கி, அதிலிருந்தே எல்லாவற்றையும் ஏற்றி, கடவுச்சொல்லை இருவரிடம் ஒப்படைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுக் கோப்புறையையும் பதிவிறக்கி வெளி வன்தட்டில் நகல் எடுத்து வையுங்கள்.