என்எஸ்எக்ஸ் சுழன்றால் காரைத் திட்டாதீர்கள்

ஜப்பானின் சுசுகா பந்தயத்தடத்தில் இறங்கிப் போகும் நேர்பாதை முடிந்ததும் வலப்பக்கம் முதல் வளைவு. அது முடிவதற்குள் இன்னும் இறுக்கமான இரண்டாவது வளைவு வந்துவிடும். வேகம் கொஞ்சம் அதிகமோ என்று பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து விரலை எடுக்கிறீர்கள். அவ்வளவுதான். காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு வருகிறது, நீங்கள் வந்த வழியைப் பார்த்தபடி மணலில் நிற்கிறீர்கள். கிரான் டூரிஸ்மோ என்ற கார் பந்தய வீடியோ கேமில் ஹோண்டா என்எஸ்எக்ஸை முதல்முறை எடுப்பவர்களில் பாதிப் பேருக்காவது இது நடந்திருக்கும். எனக்கு ஒரே மாலையில் பதினொரு முறை நடந்தது.

"இந்தக் கார் சரியில்லை" என்று கராஜில் போட்டுவிட்டு வேறு காருக்குப் போவதுதான் அடுத்து எல்லாரும் செய்வது. நானும் செய்தேன். தப்பு காரில் இல்லை, விரலில்.

1990-இல் வந்த இந்தக் காரில் 3.0 லிட்டர் வி6 எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. மொத்த எடையில் கிட்டத்தட்ட 58 சதவீதம் பின்சக்கரங்கள்மேல். கேரியரில் அரிசி மூட்டை கட்டிய சைக்கிளை வேகமாக ஒடித்துத் திருப்பிப் பாருங்கள், புரிந்துவிடும். ஆக்சிலரேட்டரை விட்டதும் எடை முன்னால் சாய்கிறது, பின் டயர்களின் பிடி தளர்கிறது, மூட்டை தன் போக்கில் போகப் பார்க்கிறது. அதோடு, எஞ்சின் காரின் நடுவுக்குப் பக்கத்தில் இருப்பதால் கார் சட்டென்று திரும்பும். வளைவில் நமக்குப் பிடித்த அதே குணம்தான் சுழலும்போது எதிரியாகிறது. எஞ்சின் முன்னால் உள்ள கார் வழுக்குவதற்கு முன் ஒரு குரல் கொடுக்கும். இது கொடுக்காது.

அதனால் பிரேக்கை நேர்பாதையிலேயே பெரும்பாலும் முடித்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் பிரேக்கை, ஸ்டீயரிங்கைத் திருப்பும் அளவுக்கு ஏற்ப மெல்ல மெல்ல விடுங்கள். வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டபடி வைத்திருங்கள். வேகம் கூட்ட அல்ல, பின்பக்கத்தைத் தரையோடு உட்காரவைக்க. வளைவுக்குள் கியரைக் குறைப்பதும் கிட்டத்தட்ட ஆக்சிலரேட்டரை விடுவதற்குச் சமம். நான்காவதிலிருந்து மூன்றாவதுக்குப் போட வேண்டுமென்றால் திரும்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். தானியங்கி கியர் இதை உங்களுக்காகத் தப்பான இடத்தில் செய்துவைக்கும், முதலில் அதை அணையுங்கள்.

இன்னொரு தவறு ஆர்வக்கோளாறு. ஃபார்முலா ஒன் சாம்பியன் அயர்டன் சென்னா வெள்ளைக் காலுறையும் லோஃபர் ஷூவுமாக சுசுகாவில் என்எஸ்எக்ஸ் ஓட்டும் பழைய காணொளியைப் பார்த்திருப்பீர்கள். வளைவுக்குள் அவர் கால் ஆக்சிலரேட்டரைத் தட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கேம் கைப்பிடியின் ட்ரிகரைத் தடதடவென்று தட்டினால் கார் ஆடத்தான் செய்யும். அவர் காலுக்குத் தெரிந்த அளவு நம் சுட்டுவிரலுக்குத் தெரியாது. ஒரே சீராக அழுத்திப் பழகுங்கள், தட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சென்னா என்றதும் நினைவுக்கு வருகிறது: இந்தக் காரை அவர்தான் வடிவமைத்தார் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. இல்லை. உருவாக்கிய குழுவுக்குத் தலைமைப் பொறியாளர் ஷிகேரு உஎஹாரா. 1989-இல் சோதனைக் காரை ஓட்டிப் பார்த்த சென்னா, காரின் உடல் இன்னும் உறுதியாக இருக்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு ஹோண்டா அலுமினியக் கூட்டை இறுக்கியது. அதுவே பெரிய பங்குதான், கதை கட்டத் தேவையில்லை.

சரி, அப்புறம் கராஜ் வேலை. விளையாட்டில் கையில் காசு வந்ததும் எஞ்சின் சக்தியைக் கூட்டும் டர்போ மாட்டுவது நம் பழக்கம். ஜப்பானில் 280 குதிரைத்திறனோடு விற்ற, நிமிடத்துக்கு 8,000 சுழற்சி வரை பாடும் எஞ்சின் அது. டர்போ மாட்டினால் வளைவிலிருந்து வெளிவரும்போது சக்தி தாமதமாக வந்து மொத்தமாக இறங்கும், மறுபடியும் மணல். முதலில் நல்ல டயர், அடுத்து பிரேக், பிறகு எடைக் குறைப்பு. ஹோண்டாவே அப்படித்தான் செய்தது. பந்தயத்தடத்துக்கென்று செதுக்கிய 1992 டைப் ஆர் என்எஸ்எக்ஸில் குதிரைத்திறனைக் கூட்டாமல் சுமார் 120 கிலோவைக் குறைத்தது.

இன்னொன்று, பின்சக்கரங்களின் டோ கோணம், அதாவது சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு. நிஜ வாழ்க்கையில் ஆரம்பகால என்எஸ்எக்ஸின் பின்சக்கரங்கள் நன்றாக உள்நோக்கித் திரும்பியிருந்தன. கார் நிலையாக நிற்க அது உதவியது, விலையாகப் பின் டயர்கள் சீக்கிரமே தேய்ந்துபோயின. விளையாட்டில் "டயர் தேயுதே" என்று அதைச் சுழியத்துக்குக் கொண்டுவருபவர்கள், காரை நிலையாக வைத்திருந்த ஒன்றையே கழற்றிவிடுகிறார்கள். ஐந்து சுற்றுப் பந்தயத்தில் டயர் தேய்ந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

கடைசியாகப் பெயர்க் குழப்பம். அமெரிக்காவில் இது அக்யூரா, 1994-இல் வந்த முதல் நீட் ஃபார் ஸ்பீட் விளையாட்டிலும் அக்யூராதான். இரண்டும் ஒரே கார். ஆனால் 2016-இல் வந்த என்எஸ்எக்ஸ் வேறு ஜாதி. இரட்டை டர்போ, மூன்று மின்மோட்டார், நான்கு சக்கரத்துக்கும் சக்தி. அதை ஓட்டிப் பழகிவிட்டு 1992 டைப் ஆரில் ஏறினால், வளைவில் காரை இழுத்துக் காப்பாற்ற முன்சக்கர மோட்டார்கள் இருக்காது.

பந்தய என்எஸ்எக்ஸ்களில் குழப்பம் இன்னும் அதிகம். கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2019-இல் ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயத் தொடரில் ஓட்டியதும், அந்த நவம்பரில் ஃபூஜி தடத்தில் ஜெர்மானிய டிடிஎம் தொடரின் கார்களும் கலந்துகொண்ட பந்தயத்தில் ஜெயித்ததும் நடு எஞ்சின் என்எஸ்எக்ஸில். அடுத்த ஆண்டே விதி மாறியது, 2020 முதல் அந்தப் பந்தயக் காரில் எஞ்சின் முன்னால் போய்விட்டது. வெளியே பார்த்தால் அதே முகம். எனவே எந்த விளையாட்டிலும் பந்தய என்எஸ்எக்ஸ் வாங்குமுன் ஆண்டைப் பாருங்கள். 2019 அல்லது அதற்கு முந்தையது என்றால், மேலே சொன்ன விரல் பாடம் பொருந்தும். எனக்குப் பிடித்தது 2000-ஆம் ஆண்டு காஸ்ட்ரோல் முகென் என்எஸ்எக்ஸ். அந்த ஆண்டு ரியோ மிச்சிகாமி அதில் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காமலே, புள்ளிகளை மட்டும் சேர்த்து, ஜப்பான் ஜிடி தொடரின் சாம்பியன் ஆனார்.