மெக்ரிச்சி போகிறீர்களா? பாலத்தை மட்டும் நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் சொந்தக்காரர்கள் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்துக்குப் போகலாமா என்று கேட்டால், எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். காட்டு மரங்களுக்கு மேலே தொங்குகிற அந்தப் பாலத்தின் படத்தைப் பார்த்துவிட்டு முக்கால்வாசிப் பேர் செருப்பு மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். லோர்னி சாலைப் பக்கம் பூங்கா வாசலில் இறங்கினால் பாலம் கண்ணுக்கே தெரியாது, காட்டுக்குள் நாலு நாலரை கிலோமீட்டர் போக வேண்டும், அப்புறம் அதே தூரம் திரும்பி வரவும் வேண்டும்.

அதனால் கூட யார் வருகிறார்கள் என்று பார்த்து முதலில் வழியை முடிவு செய்யுங்கள்.

சின்னப் பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா அப்பா என்றால் காட்டை மறந்துவிடலாம். தண்ணீரை ஒட்டிய பூங்கா, வளைந்து வளைந்து போகும் சிறு பாலம், பழைய இசை மேடை, கரையோரமாகவே போகும் மரப்பலகைப் பாதையில் கொஞ்ச தூரம், இவ்வளவே ஒரு காலைப் பொழுதுக்குத் தாராளம். காலை ஏழு மணிக்குப் போனால் தண்ணீர்மேல் லேசாகப் பனி நிற்கும், ஓட வருகிறவர்களும் துடுப்புப் படகுக்காரர்களும் தவிர அவ்வளவாகக் கூட்டம் இருக்காது. எனக்கு மெக்ரிச்சியில் பிடித்தது இந்த ஒரு மணி நேரம்தான், பாலம் இல்லை.

பாலம் பார்த்தே ஆக வேண்டுமா, சரி, அப்படியானால் வீனஸ் டிரைவ் என்ற சாலைப் பக்கமாக வாருங்கள். அங்கிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். 2004இல் திறந்த பாலம், இரண்டு குன்றுகளை இணைக்கிறது, நீளம் 250 மீட்டர், மிக உயரமான இடத்தில் காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர். ஒருவழிப் பாதை, பாதி தூரம் போய் பயந்துபோய்த் திரும்பினால் எதிரே வருகிறவர்களுக்கு ஒதுங்க இடமில்லை, உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஏறும் முன்பே யோசித்துவிடுங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், பொது விடுமுறையாக இருந்தால்தான் திறப்பார்கள். மற்ற நாளிலும் விடியற்காலையில் திறக்க மாட்டார்கள், வார நாளில் ஒன்பது மணி, சனி ஞாயிறில் எட்டரை. ஏழு மணிக்கே உற்சாகமாக நடக்க ஆரம்பித்து, பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். பாலத்தைத் தாண்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், அதற்கப்புறம் வரும் படிக்கட்டுகள்தான் தொடையைப் பதம் பார்க்கும்.

நன்றாக நடப்பவர்கள் நீர்த்தேக்கத்தை முழுதாகவே சுற்றி வரலாம், ஏறக்குறைய 11 கிலோமீட்டர், நின்று பார்த்து நடந்தால் நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். வழியில் ஜெலுத்தோங் கோபுரம் இருக்கிறது, ஏழு மாடி ஏறினால் சுற்றிலும் காட்டின் தலை மட்டும்தான் தெரியும், நகரத்துக்கு நடுவில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது கட்டாயம், சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் உள்ளே கடை கிடையாது. மழை பெய்த மறுநாள் வேர்களெல்லாம் வழுக்கும், பிடிப்புள்ள காலணி போடுங்கள்.

குரங்கு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். நீள்வால் குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று அர்த்தம், உள்ளே குடை இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, முதலில் பறிக்கும், பிறகுதான் பார்க்கும். என் முறுக்குப் பொட்டலம் அப்படித்தான் போனது. எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள், நடந்துகொண்டே சாப்பிடாதீர்கள், குரங்கு பல்லைக் காட்டினால் கண்ணோடு கண் பார்க்காமல் மெதுவாக நகர்ந்துவிடுங்கள். பாவம் என்று வாழைப்பழம் கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மறுபடி மாட்டினால் 10,000 வரை. உடும்பு குறுக்கே வந்தால் அது போகும்வரை நில்லுங்கள், அதற்கு அவசரமே கிடையாது. வால் நுனியில் இரண்டு துடுப்பு தொங்கும் கரிச்சான் குருவி ஒன்று இங்கே உண்டு, கிளைகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் கண்ணில் படும்.

நீந்தலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது. இது குடிதண்ணீர். 1857இல் டான் கிம் செங் என்ற வணிகர் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர 13,000 வெள்ளி கொடுத்ததில் தொடங்கிய கதை, தேக்கம் 1868இலேயே கட்டி முடிந்தும் பம்பும் குழாய்களும் வந்துசேர இன்னும் பத்து வருஷம் ஆனது, அரசாங்க வேலை அன்றும் அப்படித்தான். மெக்ரிச்சி என்பது பிறகு அதைப் பெரிதாக்கிய நகராட்சிப் பொறியாளரின் பெயர், 1922இல்தான் வைத்தார்கள். இன்றைக்கும் இந்தத் தண்ணீர் சுத்திகரிப்புக்குப் போய் நம் வீட்டுக் குழாய்க்குத்தான் வருகிறது, அதனால் கை கால் கழுவக்கூட இறங்காதீர்கள். தண்ணீர்மேல் போக ஆசை என்றால் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு எடுக்கலாம், படகுத் துறையில் வாடகை நேரத்தையும் நிபந்தனையையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மீன் பிடிக்க அறிவிப்புப் பலகை உள்ள இடத்தில் மட்டும்தான் அனுமதி, அதுவும் செயற்கை இரை போட்டுத்தான், புழுவெல்லாம் கூடாது.

நாயைக் காட்டுக்குள் விட மாட்டார்கள், நடைபாதையில் சைக்கிளும் கிடையாது. காட்டுக்குள் நடமாட்டம் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரைதான், ஐந்து மணிக்கு மேல் முழுச் சுற்று ஆரம்பிக்காதீர்கள், மரத்தடியில் சீக்கிரமே இருட்டிவிடும். இடி கேட்டால் கோபுரத்திலிருந்து உடனே இறங்குங்கள். மதியத்துக்கு மேல்தான் மழை என்று நம்பி அதிகாலையில் வருகிறவர்களையும் சில மாதங்களில் சுமத்ரா காற்று நனைத்துவிடும், கிளம்பும் முன் மழை ராடாரை ஒரு பார்வை பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு மேல் கார் நிறுத்த இடம் தேடுவது வீண் வேலை, கால்டிகாட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். மாற்றுச் சட்டை ஒன்று எடுத்துவாருங்கள், பூங்காவில் குளிக்க வசதி உண்டு. அப்புறம் அப்பர் தாம்சன் சாலைப் பக்கம் போய் புராட்டாவும் (நம்ம பரோட்டாதான்) தே தாரிக்கும் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) சாப்பிடுங்கள், நடந்து கரைத்த கணக்கெல்லாம் அங்கே போய்விடும், பரவாயில்லை.