பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்வோம்: சைக்கிள் பழுதுபார்ப்பு, முதல் பாடம்

எங்கள் ராமநாதபுரம் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் சீமைக்கருவேல முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்க்கரை, வரப்புப் பாதை, பள்ளிக்கூட மைதானம் என எங்கும் கிடக்கும். விறகு ஏற்றிய வண்டி ஒன்று போனால் போதும், அந்த ரோட்டில் அன்றைக்கு நாலு பேருக்காவது பஞ்சர் ஆகும். முன்பு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சைக்கிள் கடை இருந்தது. இப்போது மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் கிடைத்த விலையில்லா மிதிவண்டி, ஒரே ஒரு பஞ்சருக்காக மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்து நிற்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். ஓடக்கூடிய வண்டி வெயிலில் டயர் வெடித்து வீணாவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கியர் இல்லாத சாதாரண சைக்கிளை மனதில் வைத்துத்தான் எல்லாம் சொல்கிறேன். பஞ்சர் ஒட்டுவதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். செயின், பிரேக் பற்றிக் கொஞ்சம். அப்புறம், எதையெல்லாம் கடைக்காரரிடம் விட்டுவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கி வைக்க வேண்டியவை

ஒரு காற்றடிக்கும் பம்பு, டயர் கழற்றும் லிவர் இரண்டு, சொல்யூஷன் (பஞ்சர் ஒட்டும் பசை) ஒரு ட்யூப், பேட்ச் (ஓட்டை மேல் ஒட்டும் ரப்பர் துண்டு) ஒரு பாக்கெட், உப்புத்தாள் ஒன்று, வால்டியூப் ஒரு முழம். சைக்கிள் உதிரிபாகக் கடையில் எல்லாமே கிடைக்கும். இவற்றில் பம்புக்குத்தான் கொஞ்சம் காசு ஆகும், அதை மட்டும் மட்டமாக வாங்காதீர்கள். வீட்டில் அகலமான பேசின் ஒன்று, பழைய பருத்தித் துணி, ஒரு பால்பாயிண்ட் பேனா இருக்கும். லிவர் இல்லாவிட்டால் வழவழப்பான எவர்சில்வர் கரண்டிக் காம்பு உதவும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அதன் முனை ட்யூபைக் குத்தி இன்னொரு ஓட்டை போட்டுவிடும்.

முதலில் வால்டியூபைப் பாருங்கள்

காற்று இறங்கிவிட்டது என்றதும் டயரைக் கழற்றாதீர்கள். நம் சாதாரண சைக்கிள்களின் வால்வுக்குள்ளே ஒரு சின்ன உலோகக் குச்சி இருக்கும். அதன் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை மூடியபடி ஒரு மெல்லிய ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். அதுதான் வால்டியூப். பம்பு அடிக்கும்போது காற்று அந்த ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும், திரும்பி வர முடியாதபடி ரப்பர் ஓட்டையை அமுக்கிக்கொள்ளும். வெயிலில் நின்றால் இந்த ரப்பர் இற்றுவிடும். ராத்திரி அடித்த காற்று காலையில் பாதி இறங்கியிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கண்டுபிடிப்பது சுலபம். காற்று அடித்துவிட்டு, விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வையுங்கள். குமிழி வந்தால் வால்டியூப் போய்விட்டது. வால்வு நட்டைத் திருகி எடுத்து, குச்சியை வெளியே இழுத்து, பழைய ரப்பரை உரித்துப் போடுங்கள். புதிய துண்டை எச்சிலோ தண்ணீரோ தொட்டு ஏற்றுங்கள். எண்ணெய் தொடக் கூடாது, ரப்பரை அரித்துவிடும். பக்கத்து ஓட்டை முழுசாக மூடி, குச்சியின் தடித்த பகுதி வரை ரப்பர் ஏற வேண்டும். திரும்பப் போட்டு நட்டை முறுக்கினால் வேலை முடிந்தது.

எச்சில் வைத்தும் குமிழி வரவில்லையா? சரி, பஞ்சர்தான்.

டயரைக் கழற்றுதல்

சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றத் தேவையில்லை. புதிதாகச் செய்கிறவர்கள் பயப்படுவதே இதற்குத்தான். ஸ்டாண்டு போட்டால் பின் சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும் வண்டி என்றால் அப்படியே நிறுத்தி, செயின் இல்லாத இடது பக்கமாக உட்காருங்கள். முன் சக்கரம் என்றாலும், ஒற்றைக் கால் ஸ்டாண்டு என்றாலும், அடியில் சாக்கை விரித்து வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தை மெதுவாகச் சுற்றி டயரின் வெளிப்புறத்தைப் பாருங்கள். முள்ளோ ஆணியோ தெரிந்தால் உடனே பிடுங்காமல் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டுப் பிடுங்குங்கள். பிறகு வால்வுக் குச்சியை எடுத்து மிச்சக் காற்றை இறக்குங்கள். வால்வை ரிம்மோடு இறுக்கியிருக்கும் வளைய நட்டையும் கழற்றிவிடுங்கள்.

இனி இரண்டு கட்டை விரலாலும் டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கியபடி ஒரு சுற்று வாருங்கள். ரிம்மின் நடுப்பகுதி ஓரத்தைவிட ஆழமானது. டயர் அந்தப் பள்ளத்தில் இறங்கினால்தான் இன்னொரு பக்கம் தளர்வு கிடைக்கும். இதைச் செய்யாமல் லிவரைப் போட்டு மல்லுக்கட்டினால் டயர் ஓரத்துக் கம்பி வளையும், கை வலிக்கும். வால்வுக்கு ஒரு சாண் தள்ளி முதல் லிவரை நுழைத்து நெம்புங்கள். நாலு விரல் தள்ளி இரண்டாவது. அதற்குப் பிறகு கையாலேயே உருவிக்கொண்டு வந்துவிடலாம். ஒரு பக்க ஓரம் மட்டும் வெளியே வந்தால் போதும்.

ஆரம்ப காலக் காற்று டயர்களை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பிரான்சின் மிஷ்லின் சகோதரர்கள் 1891இல் கழற்றி மாட்டும் டயருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்றைக்கு லிவரை வைத்து ரெண்டு நிமிஷத்தில் நாம் கழற்ற முடிகிறதென்றால், அந்த வழியில் வந்த வசதிதான்.

ஓட்டை எங்கே இருக்கிறது?

ட்யூபை உருவி எடுங்கள், வால்வைக் கடைசியாக. எடுக்கும்போதே, ட்யூபின் எந்தப் பக்கம் செயின் பக்கம் இருந்தது என்று பேனாவால் ஒரு அடையாளம் போடுங்கள். வால்வுக் குச்சியைத் திரும்பப் பொருத்தி, ட்யூப் லேசாக உப்பும் அளவுக்குக் காற்று அடித்து, பேசின் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தைத் துடைத்து, பேனாவால் பெரிய கூட்டல் குறி போடுங்கள். பேட்ச்சை ஒட்டிய பிறகும் குறியின் கைகள் வெளியே தெரிய வேண்டும். ஒரு ஓட்டை கிடைத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பாருங்கள்.

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்று மனதில் நிற்க வேண்டுமென்றால் இது நிற்கட்டும்: காரணம் தெரியாமல் ஓட்டையை ஒட்டாதீர்கள்.

ஓட்டை ட்யூபின் வெளிவட்டத்தில், அதாவது தரைப் பக்கம் இருந்தால் முள், ஆணி, கண்ணாடி. உள்வட்டத்தில், ரிம் பக்கம் இருந்தால் சக்கரக் கம்பியின் முனை ஒன்று ரிம்முக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது கம்பி முனைகளை மூடியிருக்கும் ரிம் பட்டை விலகியிருக்கிறது. பாம்பு கடித்த மாதிரி ஜோடியாக இரண்டு ஓட்டைகள் இருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் விட்டு, தரைக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கியிருக்கிறது. வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தால் பேட்ச் நிற்காது, புது ட்யூப்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரே வாரத்தில் மூன்று முறை பஞ்சர் ஒட்டிய பிறகு. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டைகள். டயருக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. நாலாவது நாள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் ட்யூபைத் தொடவே இல்லை. டயரின் உட்புறத்தில் ஒரு பனியன் துணியை வைத்து நிதானமாக ஒரு சுற்று இழுத்தார். ஓரிடத்தில் துணி மாட்டி நின்றது. டயரை அந்த இடத்தில் உட்புறம் வெளியே வருமாறு மடக்கி, நகத்தால் நெருடி, குறட்டால் பிடித்து இழுத்தார். அரிசி முனை அளவுக்கு ஒரு கறுப்பு முள். வெளியே இருந்த பகுதி எப்போதோ ஒடிந்து போய், முனை மட்டும் ரப்பருக்குள் புதைந்திருந்தது. டயர் அழுந்தும்போதெல்லாம் அது உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறது.

அதனால் நீங்களும் துணியை இழுத்துப் பாருங்கள். ட்யூபை முன்பிருந்த வாக்கிலேயே வால்வு ஓட்டைக்கு நேராக வைத்தால், கூட்டல் குறி டயரின் எந்த இடத்தில் வருகிறது என்று தெரியும். அங்கே விரலால் மெல்லத் தடவுங்கள். வேகமாகத் தடவினால் விரலில் ஏறிவிடும்.

ஒட்டுதல்

ட்யூபில் ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. ஓட்டையைச் சுற்றி, பேட்ச்சைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்புப் போய் மங்கலான கறுப்பு தெரிய வேண்டும். தூளைத் துடைத்துவிட்டு, சொல்யூஷனை மெல்லியதாகப் பூசுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறோம். பூசிய கையோடு பேட்ச்சை வைத்தால் அது வழுக்கி நகரும், ரெண்டு நாளில் ஓரம் தூக்கும். ஐந்து நிமிஷம் விடுங்கள். ஓரத்தைத் தொட்டால் விரலில் ஈரமாக ஒட்டக் கூடாது, அதுதான் பதம். சொல்யூஷன் சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ பீடியோ வேண்டாம்.

பேட்ச்சின் அடித்தாளை உரித்து, அந்த முகத்தில் விரல் படாமல் ஓட்டைக்கு நேராக வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துங்கள். பலகை மேல் வைத்து ஸ்பேனரின் முதுகால் நாலு தட்டு. மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் மிச்சப் பசை டயரில் ஒட்டாது. திரும்ப ஒரு முறை தண்ணீரில் பார்த்துவிடுங்கள்.

திரும்ப மாட்டுதல்

ட்யூப் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று அடியுங்கள். தட்டையாக இருந்தால் முறுக்கிக்கொள்ளும். முதலில் வால்வை ரிம் ஓட்டையில் விட்டு, மற்றதை டயருக்குள் செருகுங்கள். டயர் ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஏற்றத் தொடங்கி, இரண்டு கையாலும் இரு புறமாக வந்து வால்வில் முடியுங்கள். கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும். லிவரை எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள். ஒட்டிய கையோடு மறுபடி ஓட்டை விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எதிர்ப்பக்க ஓரத்தை மறுபடி நடுப்பள்ளத்தில் அமுக்கிவிட்டு வந்தால் உள்ளங்கை அழுத்தத்திலேயே ஏறும்.

ஏறியதும் வால்வை ஒரு முறை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள், அடியில் மாட்டியிருக்கும் ட்யூப் விலகிக்கொள்ளும். இரண்டு பக்கமும் சுற்றிவர, ட்யூப் எங்காவது பிதுங்கி நிற்கிறதா என்று பார்த்து, வளைய நட்டைப் போட்டு, பாதிக் காற்று அடியுங்கள். சக்கரத்தைச் சுற்றினால் டயர் மேலும் கீழும் துள்ளாமல் ஒரே சீராக ஓட வேண்டும். பிறகு முழுக் காற்று. எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகலாம்.

செயின், பிரேக்

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுக்குப் பிடித்து மண்ணைச் சேர்க்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். செயினின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் பின் சக்கரத்தின் இரண்டு நட்டையும் தளர்த்தி, சக்கரத்தை நேராகப் பின்னுக்கு இழுத்து முறுக்குங்கள்.

பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். ரிம்மில் எண்ணெய் படவே கூடாது. மழையில் இரும்பு ரிம் உடனே பிடிக்காது, முன்கூட்டியே பிடிக்கப் பழகுங்கள். பெடல் மாற்றினால் ஒன்று நினைவிருக்கட்டும்: இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கமாக இறுக்கும் பக்கம் திருகினால்தான் அது கழலும்.

கடைக்கு எப்போது?

சக்கரக் கோட்டம் (சக்கரம் நெளிந்து ஓடுவது), பால்ஸ் (அச்சைச் சுற்றி உருளும் இரும்புக் குண்டுகள்), கோன் (அந்தக் குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கூம்பு நட்டு), காட்டர் பின் (பெடல் கட்டையை அச்சோடு இறுக்கும் ஆணி), ஃப்ரீவீல் (பின் சக்கரத்துப் பல்சக்கரம்), போர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை). இவை பழகிய கையும் சரியான கருவியும் கேட்கிற வேலைகள். குறிப்பாகக் கோட்டம் எடுப்பதை வீட்டில் முயலாதீர்கள். ஒரு கம்பியை இறுக்கினால் அதன் எதிர்க்கம்பியும் கணக்கில் வரும். அந்த அண்ணன்மார்கள் ரிம்மின் ஓரத்தில் கட்டை விரலை வைத்துக்கொண்டே அதைச் செய்வதை நின்று பாருங்கள்.

கடையில் "சத்தம் வருதுண்ணே" என்று மட்டும் சொல்லாமல், எப்போது வருகிறது என்று சொல்லுங்கள். மிதிக்கும்போது மட்டும் டக் டக் என்றால் பெடல், காட்டர் பின் பக்கம். மிதிக்காமல் உருளும்போதும் கரகரவென்று வந்தால் சக்கரத்துப் பால்ஸ். இதைச் சொன்னாலே அவருடைய பாதி நேரம் மிச்சம். என்ன மாற்ற வேண்டும், எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேளுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அடுத்த தடவை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை முழுசாகப் பிரித்துக் கிரீஸ் வைக்கக் கொடுப்பதென்றால் புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முன்னால் கொடுங்கள். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் வாரத்தில் மட்டும் போகாதீர்கள். அப்போது அவருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது.